ராஜசுழிக் குதிரையும் ஐந்து நாளும்

பள்ளிபாளையத்துச் சின்னண்ணன் நாற்பது வயது வரை குதிரை மேல் ஏறியதில்லை. அது அவர் தொழிலுக்கு இடைஞ்சலாகவும் இல்லை. சந்தைக்கு வரும் குதிரையின் உடம்பில் ரோமம் எங்கெங்கே சுழித்திருக்கிறதென்று பார்த்து, இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்வதுதான் அவர் தொழில். மேலே ஏறிக்கொண்டால் சுழி எப்படித் தெரியும்?

1936 சித்திரையில் மிட்டாதார் வெங்கடாசலத்துக்கு ஒரு செவலைக் குதிரையைப் பார்த்துக் கொடுத்தார். நெற்றியில் ராஜசுழி, சுழிகளிலேயே உசத்தியானது. "கண்ண மூடிக்கிட்டு ஏறுங்க சாமி" என்றும் சொல்லிவிட்டார். மிட்டாதார் அப்படியே ஏறினார் போலிருக்கிறது. நெசவாளர் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலுக்குப் பக்கத்தில், ஊரே பார்க்க உருண்டார்.

சின்னண்ணனுக்கு ஆள் வந்தது. போய்க் கைகட்டி நின்றார்.

"ராஜசுழின்னியே?"

"ஆமாங்க."

"அப்ப நீ ஏறு. வெள்ளிக்கெழம அதே தெரு வழியா ஆத்துக்குப் போயிட்டுத் திரும்பி வா. உழுந்தியோ, இனி எந்தச் சந்தையிலயும் உன் சொல்லு செல்லாதுன்னு தண்டோராப் போடுவேன்."

ஐந்து நாள் இருந்தது. குதிரை வீட்டுக்கு வந்தது. முதல் நாள் சின்னண்ணன் இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் விழுந்தார்.

"ஏறுன பக்கமா எறங்கோணுமுங்க" என்றாள் விறகு பொறுக்கிக் கொண்டிருந்த சென்னியம்மாள். மனைவி என்றால் இப்படியும் ஒத்தாசை செய்யலாம்.

அடுத்த நாள் ஏறத் தைரியம் வரவில்லை. கொள்ளு வேகவைத்தார். வைக்கோல் பிரி முறுக்கி அதன் உடம்பைத் தேய்த்தார். இருபது வருஷமாக ரோமத்தையே பார்த்தவருக்கு, ரோமத்துக்கு அடியில் தோல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமையை நினைத்தால் அவர் கை இறுகியது. கை இறுகினால் அந்தத் தோல் சிலிர்த்தது, காது பின்னால் மடங்கியது. அவர் பிடித்திருந்த மூச்சை விட்டால் குதிரையும் கழுத்தைத் தாழ்த்தியது. நம்பாமல் பத்துத் தடவை செய்து பார்த்தார். சாஸ்திரத்தில் இது இல்லை. நாலாம் நாள் ஏறி, கிணற்றைச் சுற்றி வந்தார். இறங்கும்போது, ஏறின பக்கமாகவே இறங்கினார்.

வெள்ளிக்கிழமை. மிட்டாதார் விழுந்ததைப் பார்க்கத் தவறியவர்கள் விடிந்ததிலிருந்தே தெருவில் இடம் பிடித்திருந்தார்கள். தெரு நீளத்துக்கும் வெள்ளைப் பாவு. பாதி வழியில் காற்று அடித்தது, பாவு முழுக்க ஒரே சமயத்தில் அசைந்தது. குதிரை நின்றுவிட்டது. காது மடங்கியது. சின்னண்ணனின் தொடை தானாக இறுகியது, கை கடிவாளத்தை இழுக்கப் போயிற்று. "அவ்ளோதான்" என்றது ஒரு குரல். சிரிப்புக் கேட்டது.

அவர் இழுக்கவில்லை. விரலைத் தளர்த்தினார். வயிற்றிலிருந்த மூச்சை மெல்ல, மிக மெல்ல விட்டார். தொடை இளகியது. ஒரு காது முன்னால் வந்தது. இன்னொன்று வரவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு அதுவும் வந்தது. குதிரை பாவின் ஓரமாகவே நடந்து ஆற்றுக்குப் போய், தண்ணீர் குடித்து, திரும்பியது.

மிட்டாதார் வாசலில் கூட்டம்.

"அப்ப என்னைய ஏண்டா தள்ளுச்சு?"

சின்னண்ணனுக்கு மறுபடி மூச்சு நின்றது. உங்கள் கைதான் காரணம் என்று இத்தனை பேர் எதிரில் சொன்னால், குதிரையில் பிழைத்த ஆள் தரையில் பிழைக்க மாட்டார்.

"சுழியில தப்பில்லீங்க சாமி. ராஜசுழிக்கு ஒரு பரிகாரம் உண்டு, நாந்தான் சொல்ல மறந்துட்டனுங்க. எசமான் தன் கையாலயே அஞ்சு நாளு ஒடம்பு தேச்சு விட்டுக் கொள்ளு வெக்கோணும். வேற ஆளு தொடக் கூடாது. மூச்ச அடக்கக் கூடாது."

"மந்திரம்?"

இல்லையென்றால் நம்பமாட்டார்.

"இருக்குதுங்க. சாமி பேரு எதாச்சும், மனசுக்குள்ளயே சொல்லோணும். வாயத் தெறந்தாப் பலிக்காதுங்க."

மறுநாள் காலையில் மிட்டாதார் வேட்டியை மடித்துக் கட்டி, வைக்கோல் பிரியோடு லாயத்தில் நின்றார். ஒரு நாழிகையாக அவர் யாரையும் திட்டவில்லை என்று கண்ட வீட்டார், பயந்துபோய் வைத்தியருக்கு வண்டி அனுப்பினார்கள்.