ஹைட்ரஜனுக்குக் காத்திருக்கச் சொன்னவரைப் பார்க்கக் கிள்ளானுக்கு

என் கணவர் ரவி சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஐந்து மாதம் கழித்து, போன ஞாயிறு அவருடைய கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தது. மதியம் மட்டும் இறங்கலாம். புதுக் கார் வாங்குவதில் எங்களுக்குள் ஒரு வருடமாக இழுபறி. எனக்குப் பேட்டரிக் கார், அவருக்கு ஹைட்ரஜன் கார். ஓட்டிக் காட்டியே முடித்துவிடலாம் என்று ஒரு பேட்டரிக் காரை நாள் வாடகைக்கு எடுத்தேன், 240 வெள்ளி (ரிங்கிட்).

பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காலை பதினொன்றுக்குக் கிளம்பினேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது, துறைமுக வாசல்வரை ஏறக்குறைய 42 கிலோமீட்டர். ஷா ஆலம் பக்கம் வழக்கமான நெரிசல். நின்று நின்று போகும்போது பேட்டரிக் கார் சத்தமில்லாமல் நகர்கிறது, பிரேக்கில் கொஞ்சம் சார்ஜும் திரும்பி ஏறுகிறது.

வாசலில் நின்றவர் இளைத்திருந்தார். கட்டிப்பிடிக்க ஆசைதான், சுற்றிலும் லோரி டிரைவர்கள். பையை மட்டும் வாங்கிக்கொண்டேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, இருவருக்கும் 38 வெள்ளி. ரசம் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது.

“இன்னும் கொஞ்ச நாள் பொறு லா. ஹைட்ரஜன்னா அஞ்சு நிமிஷத்துல டேங்க் ஃபுல். நம்ம கோண்டோ அடுக்குமாடில சார்ஜர் போடவே விட மாட்டேங்குறாங்க.”

“எங்க போய் நிரப்புறது? நம்ம வீட்லேர்ந்து இங்க வரைக்கும் ஒரு பம்ப் காட்டுங்க.”

“வரும்மா.”

“கரண்ட்டுல ஹைட்ரஜன் எடுத்து, கார்ல மறுபடி கரண்ட் ஆக்குனா பாதிக்கு மேல வீணாப் போவுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். எல்லாம் சரியா வந்துரும், பொறு.”

இந்தப் ‘பொறு’தான் எனக்கு ஆகாது. கரையில் வேலை தேடுங்கள் என்றாலும் இதே பதில்தான்.

வாடகைக் காரைச் சார்ஜ் ஏற்றித் திருப்பித் தர வேண்டும். பக்கத்து மாலின் வேகச் சார்ஜரில் மாட்டினேன், அரை மணி நேரம், 24 வெள்ளி. ஏசி ஓட, ரவி சீட்டைச் சாய்த்து, என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். சார்ஜ் ஏறி முடிந்தது. அதற்குப் பிறகும் கழற்றாவிட்டால் நிமிடத்துக்கு ஒரு வெள்ளி அபராதம். போனால் போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். அவர் மூச்சு விடுவதைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று.

அடுத்துச் சார்ஜ் ஏற்றக் காத்து நின்றவர் கண்ணாடியைத் தட்டினார். “அக்கா, முடிஞ்சிருச்சா?”

மன்னிப்புக் கேட்டுக் கழற்றினேன். அபராதம் 12 வெள்ளி. நான்கு மணிக்கு ரவியைத் துறைமுக வாசலில் விட்டேன். “அடுத்த காண்ட்ராக்ட்டோட கப்பல விட்டுட்டுக் கண்டிப்பா வந்துர்றேன்,” என்றார். தலையாட்டினேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: கோண்டோ நிர்வாகத்திடம் சார்ஜர் பற்றி முன்பே கேளுங்கள். கிடைக்காவிட்டாலும், என்னைப்போல் வேலைக்கும் கடைக்கும் ஓட்டுபவர்களுக்கு வாரம் ஒருமுறை மால் சார்ஜர் போதும். நிரப்பும் வேகத்தில் ஹைட்ரஜனை மிஞ்ச முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் தேடியவரை நாம் போய் நிரப்பும் இடம் எதுவும் கிடைக்கவில்லை. பொறுக்க முடிந்தவர்கள் பொறுத்திருங்கள். திங்கட்கிழமையே பேட்டரிக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். காத்திருக்க எனக்கு ஏற்கனவே ஒருவர் இருக்கிறார்.