கறிவேப்பிலை குடித்த தண்ணீர்

சுரங்கத்தில் மண் அள்ளும் ராட்சத மெஷினை ஓட்டுகிற பெனடிக்டுக்கு எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். மிக்சி நின்றுபோனால்கூடத் தானே பிரித்துப் பார்த்த பிறகுதான் கடைக்கு அனுப்புவார். சிறுநீரகத்தில் கல் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவருக்கு ஒரே குடைச்சல். நிறையத் தண்ணீர் குடிக்கவும் உப்பைக் குறைக்கவும் சொன்னது காதில் ஏறவில்லை. குவார்ட்டர்ஸ் குழாய்த் தண்ணீர் மேல்தான் அவருக்குச் சந்தேகம். பிளாக்கில் வீடு வீடாக விசாரித்தார். யாருக்கும் கல் இல்லை.

“ஒரே குழாய்த் தண்ணி, ஒரே ஊறுகாய். உனக்கு வராம எனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?” என்று மனைவி வினோலியாவிடம் கேட்டார்.

அவள் அவருடைய ஷிப்ட் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே இருந்தது.

“குடிச்சா அடிக்கடி ஒண்ணுக்குக் கீழ எறங்கணும். மெஷின் நின்னா மண்ணு போற பெல்ட்டும் நின்னுடும். அதான் டூட்டியில குடிக்கிறதில்ல” என்றார்.

அவள் தோட்டத்துக்குப் போய், கூரையைத் தொட்டு நின்ற கறிவேப்பிலை மரத்தடியில் பாட்டிலைக் கவிழ்த்தாள்.

“உங்களுக்குக் குடுத்தனுப்புற தண்ணிய தெனமும் இதுதான் குடிச்சிக்கினு இருக்கு. பிளாக் பூரா கேட்டீங்களே, இதையும் ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க.”