கட்டிப்பாலுக்குள் கிடந்த வைரத்தோடு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நன்றாகப் படித்த ஒருவரை வைத்து எழுதலாம் என்று மருமக்கள் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் நான். அந்த மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டே குருணில் கடை, லாரி, கல்வீடு எல்லாம் உண்டாக்கியிருக்கிறேன். கட்டுரையா எழுத முடியாது? எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. கூடவே இருந்து பார்த்தவன் நான்.

அக்கா குருணுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான மேல் லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். வீட்டில் பித்தளை மூக்குத்தி ஒன்றுதான் நகை. ஆனால் அக்காவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கல் பைத்தியம். வைரம், முத்து, கெம்பு, பச்சை எதுவானாலும் சரி. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மனைவி கோயிலுக்கு வந்தால் மற்றப் பெண்கள் சேலையைப் பார்ப்பார்கள், அக்கா காதைப் பார்ப்பார். "அந்தம்மா இடது காதுல கீழ்க்கல்லு மஞ்சளடிக்குதுடா," என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வார். சாமியைக் கும்பிட்டாயா என்று அம்மா கேட்டால், அப்போதும் அந்தக் கல்லைப் பற்றித்தான் பேசுவார்.

குருணில் மளிகைக் கடை வைத்திருந்த அத்தானுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தோம். அத்தான் அதிகம் பேசமாட்டார். அக்காமேல் உயிர். கடை நன்றாக ஓடிய காலத்தில் பினாங்குக்கு அழைத்துப்போய் ஏழுகல் வைரத்தோடு ஒரு ஜோடியும் முத்துமாலை ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் எடுத்துக் காட்டிய முதல் ஜோடி வேண்டாம், இரண்டாவதும் வேண்டாம். அக்கா ஒவ்வொரு கல்லிலும் வாயால் ஊதிப் பார்த்தார். ஆவி உடனே மறைந்தால்தான் வைரம். முத்தைப் பல்லில் உரசிப் பார்த்தார். நறநறவென்றால்தான் முத்து. "என்னம்மா, கடையவே தின்னுடுவீங்க போல," என்றாராம் கடைக்காரர். "சரக்கு நல்லா இருந்தா தின்னுடுவேன்," என்றாராம் அக்கா.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள், தோட்டம் நின்றது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. வீடு வீடாகச் சோதனை போடுகிறார்கள் என்று பேச்சு. நகையை அடுப்படியில் புதைத்தவர்கள் உண்டு, கிழங்குப் பாத்தியில் புதைத்தவர்கள் உண்டு. துப்பாக்கிக் கத்தியால் குத்திக் குத்தி எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

யாருக்கும் தோன்றாத யோசனை எனக்குத் தோன்றியது. அப்போது நான் வாலிபன், தோட்டத்து ஸ்டோரில் பால் உறைய வைக்கிற வேலை பார்த்தவன். ரப்பர்ப் பாலை மங்குக் கிண்ணத்தில் ஊற்றி, உள்ளே தோட்டைப் போட்டு, ஆசிட் விட்டால் கட்டிப்பாலாக உறைந்துவிடும். அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் எவன் வருவான்?

அக்கா யோசித்தார். "வைரத்த வை. முத்து வேணாம்," என்றார்.

"ஏன்? அதுவும் உள்ளேயே கெடக்கட்டுமே."

"ஆசிட்டு பட்டா முத்து செத்துப்போயிடும்டா. புளிப்பு பட்டாலே அதுக்கு ஆகாது. தங்கத்தையும் வைரத்தையும் ஒண்ணும் பண்ணாது."

முத்துமாலையைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். தோடுகளை நான் ஒன்றுக்கு ஒரு கட்டியாக, இரண்டு கட்டியில் வைத்தேன். போனால் ஒன்றுதான் போகும் என்று கணக்கு. இரண்டிலும் கத்தியால் அடையாளம் கீறி, விலைபோகாமல் ஸ்டோரில் குவிந்துகிடந்த கட்டிப்பாலோடு போட்டேன்.

அடுத்த வருடம் அத்தானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருக்கும் ஆட்களுக்கு உப்பும் கருவாடும் விற்றாரென்று எவனோ சொல்லிவிட்டான். துரை ஓடிப்போன பங்களாவில் அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று ரோட்டில் போகிறவர்களுக்கே கேட்டது.

அங்கே பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலை பார்த்தவன் ஒரு தமிழன், வெளியூர்க்காரன். அத்தான் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளவே அக்கா அவனிடம் முத்துமாலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு போனவன் மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தான்.

"உசுரோடதான் இருக்கார். முத்து என் பங்குக்குச் சரியாப்போச்சு. ஆபீசருக்கு வைரம்னா ஆசை. ஒங்க தோடு எங்க?"

"அரிசிக்கு வித்துட்டேங்க."

அவன் அக்காவின் காதையே பார்த்தான். துளையில் வேப்பங்குச்சி சொருகியிருந்தது. "வித்தவங்க எதுக்குக் குச்சி சொருகி ஓட்டையக் காப்பாத்துறீங்க? மறுபடி போடத்தானே? ஊரே ஒங்கள வைரத்தோட்டம்மான்னுதானே சொல்லுது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொழுது சாயறதுக்குள்ள ரெண்டும் வந்தாகணும். ஒண்ண மட்டும் கொண்டாந்தா ஆபீசர் அத வாங்கிக்கிட்டு ஒங்களையும் உள்ள போட்டுடுவார். காலையில லாரி அலோர் ஸ்டார் ஜெயிலுக்குப் போகுது. அதுல ஏறினவங்க யாராவது திரும்பி வந்து பாத்திருக்கீங்களா?" என்றான்.

அக்காவைச் சைக்கிளில் வைத்து மிதித்தேன். டயர் இல்லை, ரப்பர்க் குழாயைச் சுற்றி ஓட்டுகிற சைக்கிள். அந்த மேட்டில் ஆளை வைத்து ஏற்ற என்னைத் தவிர எவனாலும் முடியாது.

ஸ்டோருக்குள் போனால் கட்டிப்பால் கூரை முட்டக் கிடந்தது. எல்லாம் சுருங்கிக் கறுத்துக் கல்லாகிவிட்டது. நான் கீறின அடையாளம் ஒன்றிலும் இல்லை. கீறலில் குறையில்லை, ரப்பர் காயக் காயச் சுருங்கி வாயை மூடிக்கொண்டது. ஒவ்வொன்றாக வெட்டித்தான் பார்க்கவேண்டும்.

"லயத்துப் பொம்பளைங்களக் கூப்பிடு," என்றார் அக்கா.

"கூப்பிட்டு என்னன்னு சொல்றது? பட்டினி கெடக்குறாங்கக்கா. ஒருத்தி மடியில போட்டுக்கிட்டா என்ன செய்வே?"

"நீ ஒருத்தனா வெட்டினா தீவாளிக்குக் கெடைக்கும். அவரு நாளைக்கு லாரியிலடா."

பெண்கள் பால் வெட்டும் கத்தியோடு வந்தார்கள். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. என்ன கிடக்கிறது, எதற்காகத் தேவை என்று எல்லாவற்றையும் சொன்னார். பிறகு ஒரு கிழவி, "ஏண்டியம்மா, திருநாளுக்குத் திருநாள் வந்து காத ஆட்டிட்டுப் போவியே, கடைசியில இந்த நாத்தத்துலயா வச்சே?" என்றாள். அந்த நிலைமையிலும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"ஆட்டுனேன் ஆயா. இப்ப வெட்டிக் குடு, திட்டிக்கிட்டே வெட்டு," என்றார் அக்கா.

வெட்டினார்கள். ரப்பர் கத்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டது. உள்ளே அழுகிய தண்ணீர் முகத்தில் தெறித்தது. ஒரு பெண் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். முதல் தோடு அந்தக் கிழவியின் கையில்தான் வந்தது. "எனக்குக் கெடைச்சிருச்சு, எனக்குத்தான் கல்யாணம்!" என்று கூச்சல் போட்டபடி கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

இரண்டாவது வரவில்லை. பொழுது இறங்கி, வெயில் மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது. குவியல் குறைந்து, தரை தெரிந்து, கடைசிக் கட்டியையும் நானே பிளந்தேன். ஒன்றும் இல்லை. யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. "யாரும் வெளிய போகக்கூடாது. மடியப் பாக்கணும்," என்று கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"வழிய விடுடா," என்றார் அக்கா. "எனக்காக நாத்தத்துல ஒக்காந்தவங்க. ஒருத்தர் மடியையும் நீ தொடக்கூடாது."

"ஒரு தோட்டோட போனா ஒன்னையும் சேத்து அடைப்பான்!"

"அடைக்கட்டும். அவரு பக்கத்துலயாவது இருப்பேன்."

சொல்லிவிட்டுக் கைகழுவத் தொட்டிப் பக்கம் போனார். அங்கே, வெட்ட வந்தவர்களில் ஒருவரான செல்லம்மா நின்றிருந்தார். கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள், பட்டினியில் கால் இரண்டும் வீங்கியிருந்தது. கணவரைச் சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், தகவலே இல்லை. செல்லம்மா தன் சேலைத் தலைப்பைப் பிடித்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகி அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே தோடு.

"அப்பவே கெடைச்சிருச்சுக்கா. புள்ளைங்களுக்கு அரிசி வாங்கலாம்னு முடிஞ்சிட்டேன்," என்றார். அழவில்லை. "எம்புருசன லாரியில ஏத்துனப்ப எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலக்கா. கேட்டிருந்தா எதையாச்சும் வித்தாவது குடுத்திருப்பேன். ஒங்ககிட்ட கேட்டிருக்காங்க. குடுத்துட்டுக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

அக்கா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் நேரமாகிறதென்று கத்தினேன். அக்கா தோட்டைக் கழுவி, முந்தானையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இருடா, பாத்துக்கிறேன். இனி இத நான் எங்க பாக்கப் போறேன்?" என்றார்.

பங்களாவுக்கு நாங்கள் போகும்போது விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துபாஷி தோடுகளை வாங்கி மேசையில் வைத்தான். அந்த அதிகாரி கல்லின்மேல் வாயால் ஊதினான். திருப்பி ஊதினான். பிறகு தோடுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டான். ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்தேன். அக்கா அசையவில்லை, கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து இரண்டுபேர் அத்தானைத் தூக்கிக்கொண்டு வந்து படியில் விட்டார்கள். காலை ஊன்ற முடியவில்லை. அக்காவை அண்ணாந்து பார்த்தவர் முதலில் கேட்டது, "காது ஏன் இப்படி இருக்கு?"

"கனமா இருந்துச்சு, கழட்டிட்டேன்," என்றார் அக்கா.

அத்தான் அதற்குப் பிறகு நீண்ட காலம் வாழ்ந்தார். கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். சண்டை முடிந்து நான் தலையெடுத்ததும், பினாங்கில் அதே மாதிரி ஏழுகல் தோடு அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தேன். விலையை இங்கே எழுதினால் மருமக்கள் கோபிப்பார்கள். அக்காவின் கல் ஆசை கடைசிவரை குறையவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும், ஊசி போட வந்த நர்ஸின் மூக்குத்தியைப் பார்த்து, "நல்ல கல்லும்மா, தொலைச்சிடாத," என்றார். செல்லம்மாவைப் பார்க்க, அவர் பிறகு குடிபோன பாலிங்குக்கு வருடம் தவறாமல் போவார். அங்கே போகும்போது மட்டும் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார். செல்லம்மாவின் கணவர் சயாமிலிருந்து திரும்பவே இல்லை.

அக்காவின் நோயில் கைகொடுத்த டாக்டர், நர்ஸ்மார், இரவு பகல் பாராமல் வந்து நின்ற பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், ஈமக் காரியங்களில் தோள்கொடுத்த உறவினர், நண்பர் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செல்லம்மாவுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். இதை எழுதும் முன் பாலிங் போய் அவரைப் பார்த்தேன். கிடைத்த உடனே கொடுத்தார் என்று எழுதிவிடுகிறேன் என்றேன். "எதுக்குத் தம்பி பொய்? முடிஞ்சு வச்சேன்னே எழுதுங்க. அக்காவுக்குத் தெரிஞ்சதுதானே," என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அக்காவின் பிள்ளைகள் நால்வரும் அத்தான் அந்தப் படியிலிருந்து இறங்கி வந்த பிறகு பிறந்தவர்கள். இந்த மலர் கையில் கிடைத்ததும் பேரப்பிள்ளைகள் எல்லாரும் பாலிங் போய் செல்லம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு வரவேண்டும். வேலை இருக்கிறது, பரீட்சை இருக்கிறது என்று யாரும் என்னிடம் சொல்லக்கூடாது. வண்டி நான் தருகிறேன்.