சைபருக்குப் பிறகு ஓர் ஓட்டம்

ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் பக்கத்து மைதானம். ஏழு போட்டிகள் சேர்ந்த பெண்கள் ஹெப்டத்லானின் இரண்டாம் நாள் மாலை. எண்ணூறு மீட்டர் ஓட்டம் மட்டுமே பாக்கி. காலையில் நீளம் தாண்டும்போது மூன்று தடவையும் கோட்டை மிதித்து சைபர் வாங்கிய ஹங்கேரிக்காரப் பெண், புல்லில் உட்கார்ந்து முழங்காலில் பட்டை சுற்றுகிறார். வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று நினைக்கிறேன். அவரோ ஸ்பைக் ஷூவை மாட்டுகிறார்.

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் கேட்கிறேன்: "இனி ஜெயிக்க முடியாதே அக்கா, எதுக்கு ஓடுறாங்க?"

"ஓம் தம்பி, வெல்லேலாது. அவ தன்ர நாட்டில சாம்பியனா இருந்தவ. ரெண்டு முழங்காலும் ஒப்பரேஷன். இதுதான் கடைசிப் போட்டியாம். சைபர் எடுத்தாலும் மிச்சத்தைச் செய்யலாம். ஏதும் ஒரு போட்டிக்கு வராமல் விட்டால்தான் முடிக்கேல்லை எண்டு எழுதுவினம். அவ ஒருநாளும் அப்பிடி எழுத விட்டதில்லை."

துப்பாக்கி வெடிக்கிறது. முதல் சுற்றில் கடைசியாக வருகிறார். இரண்டாவது சுற்றின் வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டுகிறார். மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டுத் தரையில் சாய்கிறார். மூச்சு திரும்பியதும் எழுந்து, கடைசியாக வரும் பெண்ணுக்காகக் கோட்டிலேயே காத்து நிற்கிறார். பிறகு, இந்தப் போட்டியின் வழக்கப்படி, எல்லோரும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள்.

காபியோடு இப்போதுதான் வந்த ஒருவர், முழங்காலில் பட்டையோடு நடுவில் சிரித்துக்கொண்டு வருகிறவர்தானே ஜெயித்தவர் என்று என்னைக் கேட்கிறார்.

ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அக்காவும் ஆமோதித்துத் தலையாட்டுகிறார்.