சிவப்புச் சட்டை தெரிகிற தூரம்

என் கணவருக்கு நான் எடுத்துக்கொடுத்த துணிகளிலேயே உருப்படியானது அந்தச் சிவப்புச் சட்டை ஒன்றுதான். அது தீபாவளிக்கு எடுத்ததில்லை. நெஞ்சில் அடைப்பு என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஸ்டென்ட் வைத்து, அவர் வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம் எடுத்தது. "சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?" என்று இவர் கேட்டதற்கு அந்த டாக்டர், "ஓட்டுங்க, நல்லதுதான். தனியா மட்டும் போகாதீங்க. நெஞ்சைப் பிடிச்சா உடனே இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சுக்கணும்" என்றார்.

சின்ன மாத்திரை. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் இவர் மாட்டாராம். "அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே போனா, நான் சைக்கிள்ல போறேனா பாடையில போறேனா?" என்று கேட்டார். வாயில் வருகிற வார்த்தையைப் பாருங்கள்! கடைசியில் மாத்திரை என் இடுப்புப் பைக்கு வந்தது. மாத்திரை என்னிடம் இருந்தால் நானும் கூடப் போகத்தானே வேண்டும்? பள்ளிக்கூடத்தோடு விட்ட சைக்கிளை நாற்பத்தொன்பது வயதில் மறுபடி மிதிக்க ஆரம்பித்தேன்.

எனக்குச் சைக்கிளில் ஆசை கிடையாது. வெயில், மழை, காடு, மேடு எல்லாம் அவருக்குத்தான் உயிர். நெஞ்சடைப்பு வருவதற்கு முன்னால், வெள்ளாமை வேலை இல்லாத நாளில் வேளாங்கண்ணி வரை மிதித்துவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்தவர் மாதிரி நிற்பார். நான் தாலுகா ஆபீஸில் அடங்கலும் சிட்டாவும் பார்த்து உட்கார்ந்தே பழகியவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பயப்படுவதுதான். அதை நன்றாகவே செய்வேன்.

தினமும் விடிந்ததும் நீடாமங்கலத்திலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிளம்புவோம். ரயில்வே கேட் போட்டிருந்தால் அங்கேயே அரை மணி நேரம் போய்விடும். கேட் தாண்டியதும் அவர் முன்னால் போய்விடுவார், நான் பின்னால். எவ்வளவு பின்தங்கினாலும் எனக்குக் கவலை இல்லை. எங்கள் பக்கம் பூமி தாம்பாளத் தட்டு. நடவு முடிந்த வயலுக்கு நடுவில் ஒரு மனிதன் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் தெரிவான், சட்டை மட்டும் பளிச்சென்று இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிவப்பு. புள்ளி நகர்ந்துகொண்டிருந்தால் மனிதர் நன்றாக இருக்கிறார். புள்ளி நின்றால் நான் வேகமாக மிதிக்க வேண்டும். மூச்சைப் பிடித்து மிதித்தால் எட்டு நிமிடத்தில் போய்விடலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அவர் ஹேண்டில் பாரில் வட்டமாக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார். மீசை ஒதுக்கவா என்று கேலி செய்வேன். "பின்னால லாரி வருதான்னு பாக்கத்தான்" என்பார்.

ஒசாகாவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போன வருடம் அங்கே கூப்பிட்டபோது, கோயில் குளம் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நான் நினைத்தேன். இவர் ஷிகோகு என்கிற தீவில் மூன்று நாள் சைக்கிளில் சுற்ற வேண்டும் என்று நின்றார். ஆசை யாரை விட்டது? மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளே அங்கே இரண்டு வாடகைச் சைக்கிளும் தங்க இடமும் பேசிவைத்து, அப்பாவின் போனில் அந்த ஊர் சிம் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போவீங்க, ஒரு சிம் போதும்மா" என்றாள். நானும் சரி என்றேன். நம்மூர்ச் சைக்கிளில் இருந்த கண்ணாடியை இவர் கழற்றித் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்து வாடகைச் சைக்கிளில் மாட்டினார். அவ்வளவு பெரிய நாட்டில் கண்ணாடியா கிடைக்காது என்று அதற்கும் ஒரு கேலி செய்தேன்.

முதல் இரண்டு நாளும் கடற்கரையை ஒட்டிய ரோடு. நம்மூர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுகிறார்கள். மே மாதம். நம்மூரில் ஆற்றில் தண்ணீர் வராமல் வயல் வெடித்துக் கிடக்கிற நேரம், அங்கே வயலெல்லாம் தண்ணீர் நிற்க மிஷினில் நடவு நடந்துகொண்டிருந்தது. இவர் பார்த்த வயலிலெல்லாம் இறங்கி, வரப்பில் குந்தி, சேற்றை விரலில் எடுத்துப் பார்த்தார். ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே இவருக்கு ஒரு கட்டு நாற்றையே கொடுத்துவிட்டார். அதைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு எட்டு கிலோமீட்டர் வந்தார் என்றால் நம்புவீர்களா!

எனக்கு மட்டும் முதுகு கூசிக்கொண்டே இருந்தது. அங்கே யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. நம்மூர் பஸ் அரை கிலோமீட்டருக்கு முன்பே அலறும். வைதுகொண்டே ஓரம் கட்டிவிடலாம். அங்கே லாரி பக்கத்தில் வந்த பிறகுதான் அது லாரி என்றே தெரியும். ஒவ்வொரு தடவையும் "மாரியம்மா!" என்று கத்தினேன். முன்னால் போனவர் சிரித்தார். ஆனாலும் புள்ளி கண்ணில் இருந்தது, பை இடுப்பில் இருந்தது. அது போதும் என்று போனேன்.

மூன்றாம் நாள் மலை. ஏற்றம் பத்து, இறக்கம் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று போன் சொன்னது. "நம்ம ரயில்வே மேம்பாலம் மாதிரிதான், கொஞ்சம் நீளம்" என்றார் இவர். நாங்கள் இரண்டு பேரும் வாழ்க்கையில் ஏறி இறங்கிய மேடு என்றால் தினமும் கேட் தாண்டிப் போகிற வழியில் வரும் அந்த மேம்பாலமும் ஆற்றுப் பாலங்களும்தான். ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தோம். நான் பக்கத்திலேயே நடந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தார். உச்சியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய சோற்று உருண்டையைத் தின்றோம். "இனி மிதிக்கவே வேண்டாம், இறக்கந்தான். நான் முன்னால போறேன், நீ மெதுவா வா" என்றார். வழக்கம்போல நானும் தலையாட்டினேன். நான் செய்த தப்பு அதுதான். நம்மூர் ரோட்டில் தலையாட்டுகிற மாதிரி அங்கேயும் ஆட்டிவிட்டேன்.

முதல் வளைவிலேயே சிவப்புச் சட்டை காணாமல் போனது.

அடுத்த வளைவில் தெரியும் என்று போனேன். தெரியவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், நடுவில் பாம்பு மாதிரி நெளிகிற ரோடு. இருபதடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. மாத்திரை என் இடுப்பில் இருக்கிறது, மனிதர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. போனை எடுத்தேன். என் போனில்தான் சிம் கிடையாதே! பாவி மகளே, பாவி மனுஷா என்று இரண்டு பேரையும் சேர்த்து வைதேன்.

வேகமாக இறங்கினால் அவரைப் பிடிக்கலாம். ஆனால் சைக்கிள் தானாக வேகம் எடுத்தபோது என் கை இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. விட்டால் செத்தேன் என்று பிடித்தேன். விரல் மரத்துப்போனது. ரப்பர் தீய்கிற வாடை வந்தது. இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், பிடித்தே இருந்தால் சக்கரம் சூடேறும் என்று மகள் பிறகு சொல்லித்தான் தெரியும். மேம்பாலத்தில் எத்தனை விநாடி பிரேக் பிடிப்போம்? திடீரென்று டமார் என்று முன் டியூப் வெடித்தது. நான் பாறைப் பக்கம் சாய்ந்து விழுந்தேன். முழங்கால் உரிந்து ரத்தம் வந்தது. முதலில் தொட்டுப் பார்த்தது இடுப்புப் பையைத்தான்.

பிறகு நடந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நொண்டிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் நின்றேன். இதைத் திரும்பினால் ரோட்டில் சிவப்பாகக் கிடப்பார் என்று தோன்றும். திரும்பினால் வெறும் ரோடு. "அப்பாடா" என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு. எட்டு நிமிடக் கணக்கெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. முக்கால் மணி நேரம் இப்படியே போயிருக்கும். இரண்டு கார் கடந்து போயின. கையை ஆட்டினேன், அவர்களும் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் ஒரு குகைப்பாதை வந்தது. மலையைக் குடைந்து போட்ட ரோடு. உள்ளே மஞ்சள் விளக்கு. ஓரத்தில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு மேடை. ஒரு லாரி உள்ளே நுழைந்தாலே தலைக்கு மேல் மலை இடிகிற மாதிரி சத்தம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். உள்ளே போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் மாத்திரை என்னிடம் இருக்கிறதே. போனேன்.

பாதி தூரத்தில், மேடையில் யாரோ ஒரு கிழவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பழுப்புச் சட்டை. பக்கத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. உள்ளூர்க்காரர் போலிருக்கிறது, ஒதுங்கித் தாண்டிப் போகலாம் என்றுதான் நெருங்கினேன். சொன்னால் வெட்கம், கட்டிய புருஷனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு சிவப்பாகவே இல்லை. சைக்கிள் கூடையில் வாடிப்போன நாற்றைப் பார்த்துத்தான் நின்றேன்.

அவர் தலையைத் தூக்கினார். முகமெல்லாம் வேர்வை. வலது கை நெஞ்சில் இருந்தது. என்னையும் என் முன் சக்கரத்தையும் பார்த்தார்.

"பஞ்சரா?" என்றார்.

பையின் ஜிப் திறக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். மாத்திரையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். "பேசாதீங்க. ஒண்ணும் பேசாதீங்க" என்று நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, அவர் மூச்சுச் சத்தத்தைத் தவிர. ஒரு வேன்காரர் எங்களைத் தாண்டிப் போய் நிறுத்தி, ஓடி வந்து பார்த்து, எங்களை ஏற்றிக்கொண்டு கீழே இருந்த ஊர் ஆஸ்பத்திரியில் விட்டார். இரண்டு சைக்கிளையும்கூட அவரே தூக்கிப் போட்டுக்கொண்டார். நல்லா இருக்கட்டும் அந்த மனுஷன்.

உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். சமயத்தில் மாத்திரை கொடுத்தது நல்லது என்று அந்த ஊர் டாக்டர் போனில் தமிழாக்கிக் காட்டினார். இவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். கீழே வரை போய்விட்டுத் திரும்பி ஏறினாராம். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"கீழ போயிச் சேந்தவரு, இறக்கத்துல சும்மா போனவரு, உங்களுக்கு எதுக்கு நெஞ்சு வலிக்குது? யாரு உங்களைத் திரும்பி ஏறச் சொன்னது?"

"உன்னைக் காணும்."

"காணும்னா? வருவேன்ல?"

"கண்ணாடியில உன்னைக் காணும். முதல் வளைவுலேர்ந்தே காணும். கீழ நின்னு பாத்தேன், வரலை. அந்தப் பள்ளத்துல விழுந்துட்டியோன்னு..."

கண்ணாடி. லாரி பார்க்க என்று சொன்ன கண்ணாடி. ஊரில் தினமும் அந்த மனிதர் தன் வேகத்தில் போனதே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் கண்ணாடியில் இருக்கிற அளவுக்குத்தான் போயிருக்கிறார். நான் அவரைக் காவல் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போக, அவர் என்னைக் காவல் காத்துக்கொண்டு முன்னால் போயிருக்கிறார். எனக்காகப் பயந்து, ஏறக்கூடாத மலையை ஏறி, மாத்திரை இல்லாமல் அந்தக் குகைக்குள் வந்து விழுந்தாரே! நான் வாய்விட்டு அழுதேன். நர்ஸ் ஓடிவந்து என் முழங்காலைப் பார்த்தாள், வலியில் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஊருக்கு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. தஞ்சாவூர் டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, தட்டை ரோட்டில் மட்டும் ஓட்டச் சொல்லியிருக்கிறார். எங்களிடம் வேறு ரோடு எங்கே இருக்கிறது? மாத்திரை இப்போது அவர் சட்டைப்பையிலும் இருக்கிறது, என் பையிலும் இருக்கிறது. கிளம்பும் முன் அவர் பையைத் தட்டிப் பார்ப்பேன். பாடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. மேம்பாலம் வந்தால் இரண்டு பேரும் இறங்கித் தள்ளுகிறோம். இறக்கத்திலும்தான். இன்னமும் அந்த இறக்கத்தில் நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் தள்ளுகிறேன்.

மற்ற இடங்களில் ஹேண்டில் பார் இடிக்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் ஓட்டுகிறோம். பாதி ரோடு எங்களுக்கே போய்விடுகிறது. நேற்று ஒரு மினி பஸ் பின்னாலேயே அலறிக்கொண்டு வந்து, கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்.

"ஏம்மா, ரோடு என்ன உங்க வீட்டு வாசலா? ஜோடி போட்டுக்கிட்டுப் போறீங்களே, ஒருத்தர் பின்னால போனா என்னவாம்?"

"பின்னால போயெல்லாம் பாத்தாச்சு தம்பி!" என்று நானும் கத்தினேன்.