நேர்முகத்தில் என் வாயில் வந்த பெயர்

கிணறு வெட்டும்போது மண் சரிந்து என் வீட்டுக்காரர் மேல் விழுந்தது. உயிரோடுதான் எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அது எண்பத்தொன்றாம் வருஷம், மாசி மாதம். எங்கள் ஊர் கழுகுமலைக்குப் பக்கம். கரிசல் காடு. மழை பெய்தால்தான் வெள்ளாமை. அந்த வருஷம் மழையும் இல்லை. அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். கழுகுமலையான் முருகனைக் கும்பிட்டு அழுவேன். வேறு என்ன செய்ய?

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடப் போவதாகச் சொன்னார்கள். சமைக்க ஆள் வேண்டும். கோவில்பட்டியில் நேர்முகம். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"நேர்முகம்னா என்ன மைனி?" என்று என் அண்ணன் மனைவியிடம் கேட்டேன்.

"உன்னைப் பத்தி நீயே சொல்லணும். அம்புட்டுதான்."

"என்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?"

"பேரு, வீட்டுக்காரர் பேரு, ஊரு, படிப்பு, தெரிஞ்ச வேலை. வரிசையாச் சொல்லு பாப்போம்."

இரண்டாவதிலேயே நின்றுவிட்டேன். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கூட நிற்பவர்கள்தான் சொல்வார்கள்.

"அந்த எடத்துல நான் சொல்லிக்கிடுதேன். நீ மேல போ" என்றார் மைனி.

அப்படியே பழகினோம். என் பெயரை நான் சொல்வேன். அவர் பெயரை மைனி சொல்வார். ஊரை நான் சொல்வேன். தடங்கல் இல்லாமல் வந்தது. கட்டிலில் கிடந்தவர் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் சேத்தா வேலை குடுக்கப் போறாவ?" என்றார்.

வைகாசி மாதம் கோவில்பட்டிக்குப் போனோம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைனியும் எழுந்தார். பியூன் கையை நீட்டி மறித்தார்.

"ஒருத்தர்தான் போகணும்."

"நான் போகாட்டி இவ பாதிதான் சொல்லுவா அண்ணாச்சி."

"மீதியை நாளைக்கு வந்து சொல்லட்டும்."

கதவைச் சாத்திவிட்டார். உள்ளே ஒரு அதிகாரி அம்மா இருந்தார். பக்கத்தில் ஒரு கிளார்க்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா."

"எம் பேரு ராமலட்சுமி."

நின்றுவிட்டேன். பழகியது அப்படி. மைனி குரலுக்குக் காத்து நின்றேன்.

"வீட்டுக்காரர் பேரு?"

"அவியதான்."

"எவிய?"

"எங்க வீட்ல இருக்கவிய."

கிளார்க் சிரித்தார். "அவரு பேரைத்தாம்மா கேக்காவ."

அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. "இதுக்கே வாய் வரலை. அத்தனை பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பீங்க? அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

கண்ணை மூடினேன். 'கழுகுமலையானே, வேலை இல்லாவிட்டால் அவர் கஞ்சி இல்லாமல் போவார். பெயரைச் சொன்னால் என்னால் போவார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரை நீ பார்த்துக்கொள்.' அவ்வளவுதான் வேண்டினேன்.

"சுடலைமுத்து!"

யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் குரல்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வாயில் வராத பெயர். அதன்பிறகு வாய் நிற்கவில்லை.

"அவிய பேரு சுடலைமுத்து. கெணத்து மண்ணு விழுந்து படுத்துருக்காவ. கல்யாண வீட்டுக்குச் சோறு வடிச்சிருக்கேன். தீஞ்சதில்ல, கொழஞ்சதில்ல. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பொங்குவேன்."

அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்த கிளார்க்கை அதிகாரி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "எழுதிக்கோங்க" என்றார் கிளார்க்கிடம். "வேலை உங்களுக்குத்தாம்மா."

சந்தோஷம் வரவில்லை. வெளியே வந்து, அவர் பெயரைச் சொல்லிவிட்டதை மைனியிடம் சொன்னேன். மைனி வாயைப் பொத்திக்கொண்டார். அழுகைச் சத்தம் கேட்குமோ என்று பயந்துகொண்டே ஊரில் இறங்கினேன்.

எங்கள் வாசலில் கூட்டம். தெருவிலேயே நின்றுவிட்டேன். மைனிதான் இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊரே அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி, வெரலு அசையுது பாரு" என்றார்.

அசைந்தது. நான் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"சத்தமாவா சொன்னே?"

"ஆமா."

"அதான் இங்கன கேட்டிருக்கு."

அடுத்த தைப்பூசத்துக்குக் கம்பு ஊன்றி என்னோடு கழுகுமலைக்கு வந்தார். இன்றும் நடக்கிறார். நான் வயசாகி ஓய்வு பெறும்வரை அதே பள்ளிக்கூடத்தில் பொங்கிப் போட்டேன். யார் கேட்டாலும் என்னைப் பற்றி நானே முழுசாகச் சொல்கிறேன்.

கழுகுமலையானை நம்பும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். பயத்தில் வாய் அடைத்துப் போகிற நேரம் உங்களுக்கும் வரும். அந்தப் பயத்தை அவனிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு வாயைத் திறங்கள்.