அப்புத்துரை கேட்ட புள்ளடி

அப்புத்துரைக்கு வாய் நீளம். அதை அவரே ஒத்துக்கொள்வார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, கிளிநொச்சிப் பட்டினத்தை ஒட்டிய குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர்களில் மற்றவர்கள் நெல்லை விளைவித்தார்கள், நான் கதையை விளைவித்தேன் என்று சொல்லிச் சிரிப்பார். ஆளைக் கெடுத்ததும் அந்த வாய்தான்.

எழுபத்தெட்டில் கிராம சபையின் வட்டார உறுப்பினர் கண்ணை மூட, இடைத்தேர்தல் வந்தது. அப்புத்துரையோ உடைந்த மதகு ஒன்றைப் பற்றி வீட்டில் ஓயாமல் முழங்கிக்கொண்டிருந்தார். மனைவி இராசமலருக்குப் பொறுமை போய்விட்டது.

“இஞ்சருங்கோ, உந்தக் கதையைச் சபையில போய்க் கதையுங்கோவன். எனக்கெண்டாலும் காது ஆறும்.”

இராசமலர் சொன்னது பகிடிக்கு. இந்த மனுசன் அடுத்த நாளே போய் நியமனப் பத்திரம் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

எதிர்த்துக் கேட்டவர் கடைக்காரர் பரமலிங்கம். கடைக்காரருக்குக் குடைச் சின்னம், வயல் செய்கிற கமக்காரன் அப்புத்துரைக்குத் தராசு. அந்தப் பகிடி சின்னம் கொடுத்தவருக்கே விளங்கவில்லை. குடியேற்றத்துக்குள் வாக்குக் கேட்டுப் போனால் “பாப்பம், பாப்பம்” என்றார்கள். ஒருவரும் இருக்கச் சொல்லிக் கதிரை எடுத்துப் போடவில்லை.

குடியேற்றத்தின் எல்லையில் ஓடின வாய்க்காலுக்கு அப்பால் கதையே வேறு. மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, பற்றை வெட்டிக் கொட்டில் போட்டு, கூலி வேலை செய்து பிழைத்த குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்கள் அப்புத்துரைக்குப் பாய் விரித்தார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், வெயிலுக்குள் நின்று அவருடைய பேச்சை முழுதாகக் கேட்டார்கள். முழுதாக! கட்டின மனுசிகூட அப்படிக் கேட்டதில்லை.

அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. வாய்க்காலைப் பூட்டித் தண்ணீரை நிறுத்தினால் பெண்கள் குளத்துக்குப் போய்ச் சேற்றுத் தண்ணீர் அள்ள வேண்டும். வயிற்றோட்டத்தில் ஒரு குழந்தை செத்தும் போயிருந்தது. கேட்ட அப்புத்துரைக்கு நெஞ்சு எரிந்தது.

“நான் வெண்டால் முதல் வேலை, உங்களுக்கு ஒரு சபைக் கிணறு” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

பிறகு ஆள் நெடுக அங்கேதான். ஒரு தடியை எடுத்து மணலில் தராசு கீறி, வாக்குச் சீட்டில் போடுகிற பெருக்கல் குறிபோல அதற்கு நேரே புள்ளடி போடப் பழக்கினார். கிழவர் முதல் பெண்கள் வரை குந்தியிருந்து கீறிக் காட்டினார்கள். ஒருவருக்கும் பிழைக்கவில்லை.

“எங்கட பக்கம் ஒரு வீடும் மிதிக்காமல் அங்கயே ஓடுறியள்” என்றாள் இராசமலர்.

“என்ர வெற்றி அங்கதானப்பா கிடக்கு.”

என்ன ஞானம் பாருங்கள்! பரமலிங்கத்தின் ஆட்கள் அந்தப் பக்கம் ஏன் எட்டியும் பார்க்கவில்லை என்று யோசிக்கிற புத்தி அவருக்கு வரவில்லை.

வாக்களிப்பு நாளில், பாடசாலைக்குத் தள்ளி ஒரு வேம்பின் கீழ் நின்று, காலையில் இருந்து வாய்க்கால் பாதையையே பார்த்தார். ஒரு குஞ்சு குருமான் வரவில்லை. தராசின் வாக்குகளை எண்ணியவருக்கு வேலை சுறுக்காக முடிந்தது.

மறுநாள் விடிய அப்புத்துரை சைக்கிளை எடுத்தார். நன்றிகெட்ட சனம், நன்றிகெட்ட சனம் என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே மிதித்தார். போனால், ஆண்கள் மண்வெட்டியோடு அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நிலத்தில் சாம்பலால் பெரிய புள்ளடி.

“நீரோட்டம் இங்கதாங்கய்யா இருக்கு” என்றார் அந்தக் குடியிருப்பின் மூத்தவர் வீரபாகு. “அடையாளம் போட்டு வச்சிருக்கோம். நீங்க வந்துதான் மொத வெட்டு வெட்டணும்.”

“கிணறோ? ஒரு வோட்டுப் போட வரேல்ல, கிணறு கேக்குதோ உங்களுக்கு? என்னைப் பேயனாக்கிப் போட்டியளே!”

வீரபாகு தலையைக் குனிந்தார். “எங்க மாதிரித் தோட்டத்து ஆளுங்களுக்கு அரசாங்கம் பிரஜாவுரிமை குடுக்கலைங்கய்யா. ஓட்டும் இல்ல.”

அட சிவனே! புள்ளடி பழக்கின வாத்தியார் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

“அப்ப ஏன் முதலே சொல்லேல்ல?” குரல் இறங்கிவிட்டது.

வீரபாகுவின் மனைவி வீரம்மா முன்னே வந்தாள். “இந்த நாட்டுலதாங்க பொறந்தோம். இத்தன வருசத்துல எங்க முன்னால கைகூப்பி ஓட்டுக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். இல்லைன்னு சொல்ல மனசு வரலைங்க.”

வழி முழுக்கத் திட்டின தன் வாயிலேயே இரண்டு போட வேண்டும் போல இருந்தது அப்புத்துரைக்கு. “பின்னேரம் வாறன்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி மிதிக்க மனம் வரவில்லை.

வீட்டில் தன் மடைத்தனத்தை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். இராசமலர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வீரம்மா சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப அந்தக் கிணறு?”

“தோத்தவன்ர சொல்லைச் சபை கேக்குமோவப்பா?”

முற்றத்தில், வீட்டுக்கு முன்விறாந்தை கட்டவென்று வாங்கி இறக்கின கல்லுக் குவியல் கிடந்தது. இராசமலர் அதைப் பார்த்தாள்.

“வெண்டிருந்தால் சபை கட்டிக் குடுத்திருக்கும். தோத்தபடியால் நாங்கள்தான் கட்டவேணும். போய் வண்டிலைப் பூட்டுங்கோ.”